பதில் தட்டிய சுவர்

காலை பத்து மணி இருக்கும். வெளிச்சத்தை வைத்து நேரம் சொல்ல முடியாத நாள் அது. ஆபிரிக்கப் பக்கமிருந்து ஷிரோக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று வந்தால் இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரத்து வானம் பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிடும். எதற்கும் நிழல் விழாது.

பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் தவமலர் தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்தார். இடது காதைச் சுவரில் ஒட்டினார். வலது கையின் நடுவிரலை மடக்கி மூன்று தரம் தட்டினார்.

டொக். டொக். டொக்.

நான் பின்னால் நின்றேன். என் தலைக்கவசம் அளவில் பெரியது. தும்மினால் மூக்குவரை இறங்கும். அதனால் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றேன்.

சுவர் இரண்டு தரம் தட்டியது.

அவசரமே இல்லை. பக்கத்து அறையில் இருப்பவர் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமலே "ஓம், ஆரது?" என்று கேட்பதைப் போல. ஆனால் அங்கே பக்கத்து அறை என்று ஒன்று கிடையாது. வரைபடத்தில் அந்தச் சுவர் இரண்டு முழத் தடிப்பு, முழுவதும் கல்.

தவமலர் காதை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"கேட்டியளோ அண்ணை?"

"கேட்டது" என்றேன். இந்தத் தொடரை விடாமல் படிக்கும் இரண்டு பேருக்கும் (ஒருவர் என் மைத்துனர்) நான் எப்பேர்ப்பட்ட வீரன் என்பது தெரியும். அந்த ஒரு சொல்லைச் சொல்லவே எனக்கு மூன்று மூச்சுத் தேவைப்பட்டது.

மெழுகும் தொழில்

கட்டட வேலைத்தலத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டார்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் நான் சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலியச் சீமாட்டிகளின், வீட்டுத் தரையை மெழுகிப் பிழைக்கிறேன். ஓய்வு நேரத்தில் மொழிபெயர்க்கிறேன். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போகிறவர்கள், வயிற்றுவலிக்கு ஆஸ்பத்திரி போகிறவர்கள், வீட்டுக்காரனோடு சண்டை பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். போன இடத்தில் சண்டை வராது. அதுதான் என் திறமை.

ஒருமுறை ஒரு கிழவி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம் பெண்ணைக் காட்டி, "இவள் கருவாடு பொரித்தால் படிக்கட்டு முழுக்க நாறுகிறது என்று சொல்" என்றாள். நான் திரும்பி, "உம்மடை சமையல் வாசம் மேல்மாடிவரைக்கும் போகுதாம். யன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்கட்டாம்" என்றேன். யன்னல் திறந்தது. இருவரும் மூன்று வருடம் சந்தோஷமாக இருந்தார்கள்.

வந்த நாட்டில் பிரச்சினை வேண்டாம் என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். அதை நான் நாக்கில் வைத்து நடைமுறைப்படுத்தினேன். இதைப் பண்பு என்று நான் சொல்லிக்கொள்வேன். மனைவி சொல்லும் பெயரை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில் ஒரு பெண்கள் சங்கம். கட்டடத் தொழிலுக்கு வர விரும்பும் பெண்களுக்கு அவர்கள் பயிற்சி வைத்தார்கள். சுவர் கட்ட, பூச, ஓடு பதிக்க. வகுப்பில் ஒரு தமிழ்ப்பெண் இருக்கிறார், அவருக்கு மொழி போதாது, உங்களால் வர முடியுமா என்று கேட்டார்கள். தேநீர் உண்டு என்றார்கள். போனேன்.

நாற்பத்தோராம் இலக்கச் சப்பாத்து

ஆறு பெண்கள், நாலு நாடு. முதல் நாள் பயிற்சி கொடுப்பவர், "யாராவது முன்பு கட்டட வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆறு கையும் எழுந்தன. ஒருத்தி கல் சுமந்திருந்தாள். ஒருத்தி மண். ருமேனியாவிலிருந்து வந்த மிஹயேலா, அப்பனும் அண்ணனும் கட்டிய எட்டு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவள்.

"மேசன் கரண்டி பிடித்தவர்கள்?"

ஐந்து கை இறங்கிவிட்டன. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் கல்லைப் பெண்ணின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். கரண்டியைக் கையில் கொடுக்கவில்லை. இறங்காமல் பாதியில் நின்ற கை தவமலருடையது.

நாற்பது வயது. வன்னியிலிருந்து வந்தவர். யுத்தம் முடிந்தபின் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை யன்னல் மட்டம்வரை கட்டிய மேசன், வேறு வேலை கிடைத்ததும் காணாமல் போய்விட்டான். மாரி வரப் பார்த்தது. மிச்சத்தை இவரே கட்டினார்.

"ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"அவர் கட்டிப்போட்டுப் போன பாதிதான்."

சங்கம் ஆறு பேரையும் ஒரு வேலைத்தலத்தில் ஒரு மாதச் சோதனைக்குச் சேர்த்துவிட்டது; மொழிபெயர்க்க என்னையும் அனுப்பியது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், யாரோ பிரபு கட்டி யாரோ கைவிட்ட பழைய மாளிகை. அங்கே கொடுத்த பாதுகாப்புச் சப்பாத்தில் மிகச் சிறியது நாற்பத்தோராம் இலக்கம். தவமலரின் கால் முப்பத்தாறு. முன்பக்கத்தில் கடதாசி அடைத்துக்கொண்டு நாலு மாடி ஏறினார். பெண்கள் கழிப்பறை என்று ஒன்று இல்லை. எதிர்த் தேநீர்க்கடைக்கு முறை வைத்துப் போனார்கள்.

எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்தாசியோனேக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் ஒருவர் கேட்டார்: "பொம்பிளை கட்டினால் சுவர் நேர நிக்குமோ தங்கச்சி?"

"உங்களையே வீட்டிலை அக்கா பிடிச்சுத்தானே நேர நிப்பாட்டி வைச்சிருக்கிறா" என்றார் தவமலர். கடைக்காரர் கறிவேப்பிலையைத் தராசில் நிறுத்தபடி திரும்பி நின்று சிரித்தார்.

விளையாட்டுப் பேச்சு ஒருபக்கம். சோதனை மாதம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலையை நடத்தும் மாஸ்த்ரோ நினோ சரி என்றால் ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால் பெர்மெசோ. இல்லையென்றால் பழையபடி முதியவர் வீட்டில் இரவும் பகலும் தங்கி வேலை. முன்பு பராமரித்த சிஞ்ஞோரா கண்ணை மூடிய அன்றைக்கே தவமலருக்குப் படுக்க இடமில்லாமல் போயிற்று. "சவம் எடுக்கமுந்தி என்ரை உடுப்புப் பெட்டியை வெளியிலை வைச்சவை அண்ணை" என்று சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஏன் இரண்டு?

தவமலருக்கு ஒரு பழக்கம். எந்தச் சுவரைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார். பூச்சு எங்கே விலகியிருக்கிறது, எங்கே உள்ளே வெறுமையாகிக் கோறை விழுந்திருக்கிறது என்று சத்தத்தில் சொல்லிவிடுவார். பழைய கட்டடம் திருத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் கை போனபடி தட்டுவார்கள். இவர் எப்போதும் மூன்று தரம். பிறகு காதை வைத்துக் காத்திருப்பார்.

சம்பவத்துக்கு முந்திய வாரம், பாணுக்குள் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏன் அப்படி என்று கேட்டேன்.

"ஷெல் விழுந்து பங்கர் மூடினால் அப்பிடித்தான் பாக்கிறது" என்றார். "மூண்டு தரம் தட்டிப்போட்டுக் காதை வைக்கவேணும். உள்ளை ஆள் இருந்தால் ரெண்டு தரம் தட்டும்."

"ஏன் ரெண்டு?"

"மூண்டு தட்டினால் எதிரொலி எண்டு நினைச்சு விட்டிட்டுப் போயிடுவினம்."

பாண் சுற்றிவந்த கடதாசியை நாலாக மடித்துச் சப்பாத்துக்குள் அடைத்தார். எழுந்து போய்விட்டார். நான் மிச்சப் பாணைப் புறாக்களுக்குப் போட்டேன்.

ஆகவே அந்தக் காலையில் சுவர் இரண்டு தரம் தட்டியபோது என் முதுகில் ஏன் வியர்வை உறைந்தது என்பது உங்களுக்கு விளங்கும்.

நான் சொன்னது

"அண்ணை, உதிலை வின்ச் பூட்ட விடாதேங்கோ" என்றார் தவமலர். அந்த மூன்றாம் மாடிச் சுவரில்தான் பாரம் தூக்கும் இயந்திரத்தைப் பூட்டுவதாக இருந்தது; அதற்குத்தான் ஆட்கள் துளைகருவியோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். "சுவர் கோறை. பின்னாலை வெளி இருக்கு. பாரம் பிடிச்சால் சுவரோடை வரும். உள்ளுக்கு ஆரோ நிக்கிறமாதிரியும் கிடக்கு. மாஸ்த்ரோட்டைச் சொல்லுங்கோ. உள்ளபடி சொல்லுங்கோ."

மாஸ்த்ரோ நினோ வந்தார். குள்ளமான மனிதர், காதில் பென்சில், வாயில் எப்போதும் அதிமதுரக் குச்சி. (அவருடைய சிசிலியப் பேச்சை என் வசதிக்கு யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். அவருக்குத் தெரிந்தால் கோபிக்க மாட்டார். அவர் எல்லாவற்றுக்கும் ஏற்கனவே கோபமாகத்தான் இருப்பார்.)

"என்னவாம்?" என்றார்.

நான் ஒரு கணம் யோசித்தேன். என் வாழ்க்கையில் நடந்த பிழைகளில் பாதி அந்த ஒரு கணத்தில் நடந்தவை. சோதனையில் இருக்கும் ஒரு பெண், வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்க, சுவருக்குள் ஆள் நிற்கிறது என்கிறார். அதை அப்படியே சொன்னால் நினோ சிரிப்பார். துளைகருவிக்காரன் சிரிப்பான். மத்தியானத்துக்குள் நாலு மாடியும் சிரிக்கும். தவமலரின் பெர்மெசோ அந்தச் சிரிப்பில் போய்விடும்.

"சுவர் மிகப் பழசு, அந்தக் காலத்து வேலை அருமை என்கிறார்" என்றேன்.

நினோவின் முகம் மலர்ந்தது. "கண் உள்ளவள்!" என்று தவமலரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஏன் அண்ணை சிரிக்கிறார்?"

"உங்களை மெச்சுறார்."

"கோறை எண்டதுக்கோ?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மஞ்சள் தூசி.

துளைகருவி சுவருக்குள் இறங்கியது. கல்லில் இறங்குவதுபோல் இல்லை, பாணில் இறங்குவதுபோல் இறங்கியது. "பழங்கல், மெதுமை" என்றான் துளைத்தவன். இருபது நிமிடத்தில் வின்ச் பூட்டி முடிந்தது. கீழே முற்றத்தில் மிஹயேலா சுண்ணாம்பு மூட்டைகளைக் கொக்கியில் மாட்டினாள். கம்பி இறுகியது.

மூட்டைகள் முதலாம் மாடி உயரத்துக்கு வந்திருக்கும். சுவருக்குள்ளிருந்து தட்டும் சத்தம் தொடங்கியது.

இந்தமுறை இரண்டு இல்லை. எண்ண முடியவில்லை. உள்ளங்கையால், முழங்கையால், அடைபட்ட ஒருவர் அறைவதுபோல் வேகவேகமாக. பூச்சு உதிர்ந்து என் தலைக்கவசத்தில் மழைபோல் விழுந்தது.

தவமலர் யன்னலுக்குப் பாய்ந்தார். "மிஹயேலா! வியா! வியா!" என்று கத்தினார். விலகு என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே இத்தாலியச் சொல். திரும்பிச் சிவப்புப் பொத்தானில் அடித்தார். மிஹயேலா ஏன் என்று கேட்கவில்லை. ஒரே எட்டில் வாசல் வளைவுக்குள் போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் யன்னல் ஓரத்துக் கல் ஒன்று விழுந்து மூன்றாக உடைந்தது.

வின்ச் நின்றது. தட்டும் சத்தமும் நின்றது. மூட்டைகள் மட்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

நினோவின் கை

கீழ் மாடிக்குப் போயிருந்த நினோ படியேறி வந்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தார். "ஆர் நிப்பாட்டினது?"

"இப்ப சொல்லுங்கோ அண்ணை" என்றார் தவமலர்.

நான் தலைக்கவசத்தைச் சரிசெய்தேன். தவமலர் எனக்காகக் காத்திருக்கவில்லை. நினோவின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மனிதரை யாரும் அப்படிப் பிடித்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும். கையை மடக்கிச் சுவரில் வைத்து, அந்தக் கையாலேயே மூன்று தரம் தட்டினார்.

ஒன்றுமில்லை.

துளைகருவிக்காரன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். நினோவின் கழுத்து சிவந்தது. நான் கோயில்களில் பலதும் கேட்டிருக்கிறேன். ஒரு சுவரிடம் கெஞ்சியது அன்றுதான்.

பிறகு உள்ளேயிருந்து, நிதானமாக: டொக். டொக்.

நினோ கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். சிலுவைக் குறி போட்டார். அவர் தவமலரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவள் முதல்லை சொன்னது இதுதானே?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஆள் நிக்குதெண்டு சொன்னால் சிரிப்பியள் எண்டு நினைச்சன்."

"சிரிக்கிறதோ?" அதிமதுரக் குச்சி வாயிலிருந்து விழுந்தது. "இந்த ஊரிலை, பழைய வீட்டுச் சுவருக்குள்ளை ஆள் இருக்கெண்டால் எந்த மேசனடா சிரிப்பான்? வின்சைத் தூக்கிக்கொண்டு அடுத்த யன்னலுக்கு ஓடியிருப்பன்! நல்ல சுவர் எண்டு நீ சொன்னபடியால்தான் பூட்டினனான்!"

இருபது வருட அனுபவம். ஊரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இதே பக்கங்களில் நான் எழுதியிருக்கிறேன். அந்த இதழ் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடவும்.

ஈரச் சுண்ணாம்பு மணம்

மூட்டைகளை அடுத்த யன்னலிலிருந்து கயிறு கட்டி அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். மத்தியானம் தவமலரே உளி பிடித்து ஒரு கல்லை உருவினார்.

உள்ளேயிருந்து காற்று வந்தது. வெளியே ஷிரோக்கோ அனலாக அடித்துக்கொண்டிருந்தது. இது குளிர்ந்த காற்று. பூஞ்சணம் மணக்கும் என்று எதிர்பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பு மணந்தது. அப்போதுதான் குழைத்ததைப் போல.

டோர்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு கட்டில் போடக்கூடிய நீளத்தில் ஓர் அறை. வெறுமை. கூரை மரமொன்று நுனி முறிந்து தொங்கிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் நிற்பது இரண்டு முழச் சுவரே இல்லை, ஒற்றைக் கல் அடுக்கு.

"மரம்தான் தட்டியிருக்கு" என்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. "ஓம், மரம்தான்" என்றார் நினோவும், மிக வேகமாக.

தவமலர் ஓட்டைக்குள் தோள்வரை நுழைந்து, சுவரின் உள்முகத்தை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணை, இப்பவெண்டாலும் உள்ளபடி சொல்லுவியளோ?"

"சொல்லுறன்."

"வெளியாலை நிண்டு கல் வைச்சு மூடினால், சாந்து உள்பக்கம் பிதுங்கி நிக்கும். வழிக்க ஏலாது, கை போகாதே. இஞ்சை உள்பக்கம் வடிவா வழிச்சு, மட்டம் பிடிச்சு, மூலையை விரலாலை ஒதுக்கிக் கிடக்கு. வெளிப்பக்கம்தான் பிதுங்கியிருந்து, பிறகு ஆரோ செதுக்கியிருக்கினம்."

நான் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தேன். சொல்லி முடித்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. இதைக் கட்டியவர் உள்ளே நின்று கட்டியிருக்கிறார்.

நினோவும் தலையை நுழைத்துப் பார்த்தார். வேறு வாசல் இல்லை. நிலம் கல். மேலே கூரை. மூலையில் நாலு விரல் இழுத்த தடம் தெளிவாக இருந்தது. தன் விரலை வைத்துப் பார்த்தார்; பொருந்தவில்லை, தடம் ஒடுக்கம். தவமலர் வைத்தார். நாலு விரலும் அப்படியே பொருந்தின.

"நல்ல கை" என்றார் நினோ மெல்ல. அந்தத் தடத்தைச் சொன்னாரா தவமலரைச் சொன்னாரா தெரியாது.

மறுநாள் ஒரு எஞ்சினியர் வந்து, ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையைப் பெருப்பித்து, உள்ளேயும் முட்டுக் கொடுக்கச் செய்தார். கீழிருந்து ஒரு வழி இருந்து பின்னர் அடைத்திருப்பார்கள் என்றார். எங்கே என்று கேட்டோம். அதைச் சொல்ல இன்னொரு எஞ்சினியர் வரவேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை

தகரக் கொட்டிலில் நினோ கடதாசிகளை விரித்துக்கொண்டு இருந்தார். "சொல்லு இவளுக்கு" என்றார் என்னிடம். "சாந்துக்குத் தண்ணி கூட விடுறாள். கையுறை போடுறேல்லை. ஆக்களுக்கு முன்னாலை என்ரை கையைப் பிடிச்சவள், அது எனக்குப் பிடிக்கேல்லை. எல்லாத்தையும் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகாத வாக்கியம் ஒன்று ஒருவர் முகத்தில் போய்ச் சேர்வதை நான் பார்த்ததே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. தவமலர் தலையாட்டினார். "தண்ணி சரி. கையுறை இருக்கிறதெல்லாம் பெரிசு. கையைப் பிடிச்சது பிழையெண்டு நான் நினைக்கேல்லை."

அதையும் சொன்னேன். நினோ குச்சியைக் கடித்தார்.

"திங்கள் ஏழு மணிக்கு வரச் சொல்லு. ரெண்டு வருஷ ஒப்பந்தம். முப்பத்தாறாம் இலக்கச் சப்பாத்து எடுத்துத் தரலாம். கையுறையும்."

தவமலர் ஒவ்வொரு வரியையும் என்னிடம் கேட்டுக் கேட்டுக் கையெழுத்து வைத்தார். வைத்து முடிந்ததும் பேனையை மூடினார்.

"இதையும் சொல்லுங்கோ அண்ணை. இனி மொழிபெயர்க்க இவர் வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை நானே சொல்லுறன். பிழையாச் சொன்னாலும் அது என்ரை பிழையா இருக்கட்டும்."

என்னை வேலையிலிருந்து நிறுத்தும் வாக்கியத்தை நானே மொழிபெயர்த்தேன். நினோ சந்தேகமாகப் பார்த்தார். "உண்மையாவே அப்பிடியோ சொன்னவள்?"

"ஒரு சொல்லும் விடேல்லை" என்றேன்.

தேநீர் தருவார்கள் என்று கொஞ்சம் நின்றேன். தரவில்லை. அவர்கள் இருவரும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். யாரும் கூப்பிடாமலே நானும் போனேன்.

நினோ அந்த ஓட்டைக்கு முன்னால் நின்றார். திங்களன்று அதை மூடவேண்டும். மூடு என்று சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இரண்டாம் தரமும் திறந்தார்.

"கதவு வை" என்றார்.

ஒரு மேசனாகத் தவமலருக்குக் கிடைத்த முதல் வேலை அது. அளவுநாடாவை இழுத்து உயரம் பார்த்தார், அகலம் பார்த்தார். பிறகு நினோவிடம் தன் சொந்த இத்தாலியனில், உடைந்த நாலு சொல்லில் ஒன்று கேட்டார். எனக்கும் விளங்கியது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

நினோ குச்சியை வாயிலிருந்து எடுத்து மேற்சட்டைப் பைக்குள் வைத்தார். உள்ளே பார்த்தார். முறிந்த மரத்தை அப்புறப்படுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது; இனித் தட்ட அங்கே மரம் இல்லை.

"ரெண்டு பக்கமும்" என்றார்.

தவமலர் பென்சிலால் வெளிப்பக்கம் ஒரு குறி போட்டார். உள்பக்கக் குறியைப் போடுவதற்காகக் குனிந்து உள்ளே போனார். அவர் திரும்பி வெளியே வரும்வரை நானும் நினோவும் ஓட்டையின் ஓரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.